லாகூர் போய்ச் சேராத உரை

1936 மே மாதம் பம்பாயில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. விலை எட்டணா. எழுதியவர் டாக்டர் அம்பேத்கர். அச்சுச் செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார். ‘அனிஹிலேஷன் ஆஃப் காஸ்ட்’ என்ற தலைப்போடு நீண்ட குறிப்பு ஒன்றும் முகப்பில் இருந்தது. லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டலின் ஆண்டு மாநாட்டுக்காக எழுதப்பட்ட உரை இது. இதிலுள்ள கருத்துகளை மாநாடு தாங்காது என்று கருதிய வரவேற்புக் குழு மாநாட்டையே ரத்து செய்துவிட்டதால் நிகழ்த்தப்படவில்லை என்பது அந்தக் குறிப்பின் சாரம். தன்னை வேண்டாமென்று ஒதுக்கிய செய்தியை நெற்றியில் எழுதிக்கொண்டே அந்த நூல் உலகத்துக்கு வந்தது. அச்சான 1,500 படிகளும் இரண்டு மாதத்துக்குள் தீர்ந்துபோயின.

சமூகத்தின் நோய் ஒன்றைப் பற்றித் தத்துவமாக எழுதுவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் இந்த நூலைத்தான் எடுத்துக் கொடுப்பேன். அதில் வரும் மேற்கோள்களும் பெரிய பெயர்களும் அதற்குக் காரணமல்ல. ‘இதோடு நிறுத்திக்கொள்ளலாமே’ என்று மனம் கெஞ்சும் ஒவ்வோர் இடத்திலும் இந்தக் கட்டுரை நிற்க மறுக்கிறது, அதுதான் காரணம். தொண்ணூறு ஆண்டுகளாக அது போன ஊர்களிலெல்லாம் யாராவது ஒருவர் அதைப் பாதி வழியில் நிறுத்தப் பார்த்திருக்கிறார். அந்தப் பயணத்தைச் சொல்வது அந்தக் கட்டுரையைப் படிப்பதற்கு ஒரு வழி.

அதன் பிறப்பை 1936இல் வைப்பது சரியாகாது. 1916 மே 9 அன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானிடவியலாளர் அலெக்சாண்டர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், இருபத்தைந்து வயது அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் தோன்றிய விதத்தைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அடுத்த ஆண்டு மே மாத ‘இந்தியன் ஆன்டிக்வரி’ இதழில் அது அச்சானது. அகமணமே சாதியின் உயிர்நிலை என்பது அதன் மையக் கருத்து. தன் வட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமென்றால் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருந்தாக வேண்டும். கணவனை இழந்த பெண்ணும் மனைவியை இழந்த ஆணும் அந்தக் கணக்கைக் குலைக்கிறார்கள். உடன்கட்டையும் கட்டாயக் கைம்மையும் சிறுமி மணமும் இந்தக் கணக்கை நேர்செய்ய வந்த வழிகள் என்று அந்த இளைஞர் நிறுவினார். அளந்து எழுதிய, நிதானமான ஆய்வு அது. தீண்டாமையை உடம்பில் அனுபவித்த ஒருவர் எழுதியது என்பதைக்கூட வாசகர் தானாகத்தான் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து லாகூர் உரைக்கு இருபது ஆண்டு. நடுவில் 1927இல், தீண்டத்தகாதவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த மகாடு குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 25இல் அங்கேயே மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. நாசிக் காலாராம் கோயிலின் கதவு திறக்க 1930 முதல் ஐந்தாண்டு போராடினார்கள், கதவு திறக்கவில்லை. 1932இல் பூனா ஒப்பந்தம். 1935 மே மாதம் மனைவி ரமாபாய் காலமானார். அதே ஆண்டு அக்டோபர் 13இல் யேவலா மாநாட்டில், இந்துவாகப் பிறந்தது தன் கையில் இல்லை, இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். 1916இல் அவர் கேட்ட கேள்வி, சாதி எப்படி உண்டானது என்பது. இத்தனைக்கும் பிறகு கேள்வி மாறிவிட்டது: நல்ல மனிதர்கள்கூட இதை எப்படிச் சரியென்று நம்புகிறார்கள்?

யேவலா அறிவிப்பு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 12 தேதியிட்ட ஒரு கடிதம் லாகூரிலிருந்து வந்தது. எழுதியவர் சந்த் ராம். பஞ்சாபின் குயவர் சாதியில் பிறந்து பி.ஏ. படித்தவர், அந்தப் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு ‘சந்த் ராம் பி.ஏ.’ என்றே அறியப்பட்டார். ஆரிய சமாஜத்தின் உள்ளிருந்து 1922இல் அவர் தொடங்கிய ஜாத்-பாத்-தோடக் மண்டலுக்குச் சாதியை உடைப்பதுதான் வேலை. வெறும் தீர்மானம் போட்டுக் கலையும் சபை அல்ல அது; சாதி மறுப்புத் திருமணங்களை முன்னின்று நடத்தியது. மத நம்பிக்கைகளை அழிக்காமல் சாதியை உடைக்க முடியாது என்று அம்பேத்கர் சொல்லியிருந்த புதிய சூத்திரத்தை விரிவாகக் கேட்க விரும்புகிறோம், மாநாட்டுக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று சந்த் ராம் அழைத்தார்.

அம்பேத்கர் தயங்கினார். சாதி இந்துக்கள் நடத்தும் சீர்திருத்த இயக்கங்களில் கலந்துகொள்வதில் அவருக்கு எப்போதுமே விருப்பமில்லை. அவர்கள் பார்வை வேறு, தன் பார்வை வேறு என்பது அவருக்குத் தெரியும். மண்டல் விடாமல் வற்புறுத்தவே ஒப்புக்கொண்டார். அழைப்பு வெளியே தெரிந்ததும் லாகூரில் எதிர்ப்பு கிளம்பியது. இந்து மகாசபைத் தலைவராக இருந்த பாயி பரமானந்த், மகாத்மா ஹன்ஸ்ராஜ், அமைச்சர் கோகுல் சந்த் நாரங், ராஜா நரேந்திர நாத் ஆகியோர் மண்டலின் இந்த முடிவுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று விலகிக்கொண்டார்கள். ஈஸ்டர் விடுமுறையில் நடக்க வேண்டிய மாநாடு மே மாதத்துக்குத் தள்ளிப்போனது.

ஏப்ரல் 9 அன்று மண்டலின் ஹர் பகவான் பம்பாய்க்கே வந்தார். உரை தயாராக இருந்தது. படித்தார், ஊர் திரும்பினார், பிறகு கடிதங்கள் வந்தன. மண்டல் கேட்டது பெரிதாகத் தோன்றவில்லை: இந்து மதத்தின் அடிப்படையையே ஒழிக்க வேண்டுமென்று சொல்லும் கடைசிப் பகுதியை விட்டுவிடலாம், புனித நூல்களின் அறத்தைச் சந்தேகிக்கும் வரிகள் வேண்டாம், இந்து மதத்தைவிட்டுப் போகப்போகிறேன் என்ற குறிப்பு பேச வந்த பொருளுக்குத் தேவையில்லை. மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம்.

ஏப்ரல் 27 தேதியிட்ட பதிலில் அம்பேத்கர் எதையும் மாற்ற மறுத்தார். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்கிற அளவுக்கு உறுதியான மறுப்பு அது. மாநாட்டுத் தலைவரின் உரையைத் தணிக்கை செய்யும் உரிமை யாருக்கும் இல்லை. நீங்கள் இப்போது மாநாட்டை நடத்தினாலும் நான் தலைமை தாங்க மாட்டேன் என்று எழுதினார்.

மண்டல்காரர்களைக் கோழைகள் என்று எழுதிவிட்டுக் கடந்துபோக என் மனம் ஒப்பவில்லை. சொந்தச் சாதியின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு கலப்புமணம் செய்துவைத்தவர்கள் அவர்கள். இவரை அழைத்ததற்காகவே செல்வாக்குள்ள நண்பர்களை இழந்தார்கள். சாதியை உடைக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. சாதிக்குப் புனிதம் கொடுக்கிற நூல்களைத் தொட வேண்டாம் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. ஆனால் கட்டுரை முழுவதும் அந்த ஒரு படியை நோக்கித்தான் ஏறிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நல்லெண்ணம் மட்டுமே.

அது எப்படி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். தத்துவம் பேச வந்த உரை முதலில் தத்துவமே பேசவில்லை. பேஷ்வா ஆட்சிக் காலத்துக்குப் போகிறது. தீண்டத்தகாதவர் என்று வைக்கப்பட்டவர் தவறிக்கூட யார்மீதும் பட்டுவிடாதபடி அடையாளம் தெரிய மணிக்கட்டிலோ கழுத்திலோ கறுப்புக் கயிறு கட்டியிருக்க வேண்டும். புனே நகரில் தன் காலடி பட்ட மண்ணைத் தானே பெருக்கிக்கொண்டு போக இடுப்பில் துடைப்பம் தொங்க வேண்டும். எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயம்.

பழைய கதை என்று கேட்பவர் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அதனால் அடுத்த உதாரணம் 1928ஆம் ஆண்டு. இந்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பலாய் சாதியாருக்கு உயர்சாதியார் விதித்த விதிகள் நாளேட்டில் வந்திருந்தன: சரிகைக்கரைத் தலைப்பாகை கட்டக் கூடாது, வண்ணக்கரை வேட்டி உடுத்தக் கூடாது, பெண்கள் பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது, இந்துக்கள் வீட்டு இழவுச் செய்தியை எவ்வளவு தொலைவானாலும் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். அதற்கடுத்தது உரை எழுதப்பட்ட அதே காலத்தில் ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாராவில் நடந்தது. தீர்த்த யாத்திரை போய்வந்த தாழ்த்தப்பட்டவர் ஒருவர் தன் சாதியாருக்கு விருந்து வைத்தார். பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே நூற்றுக்கணக்கானவர்கள் தடிகளோடு பாய்ந்து வந்து சோற்றைப் பாழாக்கி, உண்டவர்களை அடித்து விரட்டினார்கள். குற்றம் இதுதான்: பரிமாறியது நெய். விருந்து வைத்தவரிடம் நெய் வாங்கக் காசு இருந்தது. ஆனால் நெய் என்பது பெரிய சாதியின் கௌரவம். அதை இவர்கள் எப்படித் தொடலாம்?

இந்த நெய்யை வைத்துத்தான் அம்பேத்கர் சோசலிஸ்டுகளோடு வாதம் செய்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது, அவர் அப்படி வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும். சொத்து சமமானால் எல்லாம் சமமாகும் என்றார்கள் அவர்கள். காசிருந்தும் நெய் சாப்பிட முடியாதவனிடம் அந்த வாதம் செல்லுமா? அதிகாரம் பணத்திலிருந்து மட்டும் பிறப்பதில்லை. பிறப்பும் மதமும்கூட அதிகாரம் தருகின்றன. இந்தியாவின் ஏழை இருப்பதை விற்றாவது காசிக்கும் மெக்காவுக்கும் ஏன் போகிறான் என்று கேட்கிறார். பிறகு எளிதில் தள்ளிவிட முடியாத இன்னொரு கேள்வி. புரட்சி முடிந்தபின் தன்னைச் சமமாக நடத்துவார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் யார் புரட்சிக்கு வருவார்கள்? சாதி தொழிலை மட்டும் பிரிக்கவில்லை, தொழிலாளர்களையும் பிரித்து, ஒருவர் தலைமேல் ஒருவரை நிறுத்திவைத்திருக்கிறது.

இதற்கப்புறம்தான் கட்டுரை தன் இலட்சியத்தைச் சொல்கிறது: சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். கொலம்பியாவில் தனக்கு ஆசிரியராக இருந்த ஜான் டூயியின் சிந்தனை இங்கே அடியோட்டமாக ஓடுகிறது. அவருக்குத் தான் பட்ட கடனை அம்பேத்கர் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறார். ஜனநாயகம் என்பதை ஆட்சிமுறையாக மட்டும் அவர் பார்க்கவில்லை. மக்கள் கூடிவாழும் முறையாகப் பார்த்தார். பிளேட்டோவின் மூன்று வகுப்புகளும் வருணங்களும் ஒரே மேசைக்கு வருகின்றன. மனிதரை நாலே பெட்டிக்குள் அடைக்க முடியாது, அடைத்தாலும் தண்டனையின் அச்சம் இல்லாமல் அந்த ஏற்பாடு நிற்காது என்று காட்ட, தவம் செய்ததற்காக இராமனால் கொல்லப்பட்ட சம்பூகன் கதையை எடுக்கிறார்.

சரி, வழி என்ன? இங்கேதான் கட்டுரையின் உண்மையான வேலை தொடங்குகிறது. உட்சாதிகளை இணைக்கலாமா? சாதி இன்னும் வலுக்கும். சமபந்தி? பல சாதிகள் ஏற்கெனவே சேர்ந்துதான் உண்கின்றன, சாதி சாகவில்லை. கலப்புமணம்? அதுதான் மருந்து. இரத்தம் கலந்தால்தான் நாம் ஒருவருக்கொருவர் உறவு என்ற உணர்வு வரும். மண்டலும் இதுவரைக்கும் அவரோடு ஒத்துப்போயிருக்கும். ஆனால் அவர் இன்னும் ஒரு கேள்வி கேட்கிறார். ஏன் பெரும்பாலான இந்துக்கள் அதைச் செய்வதில்லை? அவர்கள் கெட்டவர்கள் என்பதாலா? இல்லை, பக்தியுள்ளவர்கள் என்பதால். சாதியைக் காப்பது புண்ணியம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படியானால் பகை, சாதியைக் கடைப்பிடிக்கும் மனிதரோடு இருக்கக் கூடாது. அதைக் கற்பிக்கும் சாஸ்திரத்தோடு இருக்க வேண்டும். சாஸ்திரத்தின் அதிகாரத்தை அசைக்காமல் கலப்புமணம் கேட்பது ஒரு மனிதனைத் தன் மனச்சாட்சிக்கு எதிராக நடக்கச் சொல்வதாகும்.

இந்த இடத்தில் இருக்கும் கருணையைப் பலர் கவனிப்பதில்லை. தன் மக்களை வதைத்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டுப் போக அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை. அவர்களும் எதை நம்பி நடக்கிறார்கள் என்று கேட்டு, குற்றத்தை அந்த நம்பிக்கையின்மேல் வைத்தார். கட்டுரையின் கடுமை அவ்வளவும் இந்தப் புரிதலிலிருந்து வருவது.

நூல் வெளிவந்ததும் காந்தி 1936 ஜூலையில் தன் ‘ஹரிஜன்’ இதழில் இரண்டு முறை எழுதினார். எந்தச் சீர்திருத்தக்காரரும் ஒதுக்கிவிட முடியாத உரை என்று ஒப்புக்கொண்டார். எட்டணா அதிகம்; இரண்டணா, போனால் நாலணா வைத்திருக்கலாம் என்றார். பலரும் படிக்க வேண்டும் என்ற விருப்பம்தான் அதிலிருந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். பிறகு மறுப்பு. சாதிக்கும் மதத்துக்கும் தொடர்பில்லை. வருணம் வேறு, சாதி வேறு. ஒரு மதத்தை அதன் கீழான மனிதர்களைக் கொண்டு எடைபோடாமல் அதன் சிறந்த மனிதர்களைக் கொண்டு எடைபோட வேண்டும். அப்படிச் சிறந்தவர்களாக அவர் அடுக்கிய பெயர்களில் சைதன்யர், ஞானதேவர், துக்காராம் ஆகியோரோடு திருவள்ளுவரும் இருந்தார்.

அம்பேத்கரின் பதில் 1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது. மகான்கள் கடவுளுக்கு முன் எல்லோரும் சமம் என்றார்கள். மனிதனுக்கு முன் மனிதன் சமம் என்பது வேறு விஷயம், அது கடினமானது. மகான்களைக் கும்பிடு, அவர்களைப் போல நடக்காதே என்றுதான் மக்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். குலத்தொழிலை விடக் கூடாது என்ற காந்தியின் வருணக் கொள்கைக்குக் காந்தியின் குடும்பத்தையே எதிரே நிறுத்தினார். வணிகக் குலத்தில் பிறந்த குடும்பம் திவான் வேலைக்குப் போனது, மகன் பாரிஸ்டரானார், கடைசிப் பிள்ளை பிராமணக் குடும்பத்தில் மணம் முடித்து ஒரு பத்திரிகை முதலாளியிடம் வேலை செய்கிறார். அந்தப் பிள்ளை தேவதாஸ். மணமகள் ராஜாஜியின் மகள் லட்சுமி. 1933இல் நடந்த அந்தக் கலப்புமணம் இப்படி ஒரு தத்துவ வாதத்துக்குள் வந்து அமர்ந்தது.

இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் ஒரு தகவல் இருக்கிறது. நூல் குஜராத்திக்கும் தமிழுக்கும் வந்துவிட்டது. மராத்தி, இந்தி, பஞ்சாபி, மலையாளம் இனிமேல்தான். எழுதியவரின் தாய்மொழிக்கும் அதைக் கேட்டிருக்க வேண்டியவர்களின் மொழிக்கும் முன்னால் அது தமிழுக்கு வந்தது. ஈரோட்டில் பெரியாரின் ‘குடி அரசு’ அதைத் தொடராக வெளியிட்டு, நூலாகவும் போட்டது. ‘குடி அரசு’ அப்போது சீர்திருத்த எழுத்தில் வந்துகொண்டிருந்தது. லை, னை, ணா, றா என்று இன்று நாம் எழுதும் வடிவங்களை 1935 முதலே பெரியார் தன் இதழில் பயன்படுத்தினார். அரசு ஏற்றது 1978இல். ஆக, 1936இல் இந்தக் கட்டுரையைத் தமிழில் படித்தவர்கள் பள்ளியில் கற்றுக்கொடுக்கப்படாத எழுத்தில் அதைப் படித்தார்கள்.

தமிழ் மண் அதற்குப் புதிதல்ல. அயோத்திதாசர் 1907இலேயே ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தியிருந்தார். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற சண்டை 1920களின் நடுவில் காங்கிரஸையே உலுக்கியது. 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. சமபந்தி போதாது, கோயில் நுழைவு போதாது, வேர் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று லாகூருக்குச் சொல்ல முடியாததை ஈரோட்டு வாசகருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் அப்போது இங்கே ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தன. அவற்றுக்குச் சட்ட ஏற்பு 1967இல் அண்ணா ஆட்சியில்தான் கிடைத்தது.

1944இல் மூன்றாம் பதிப்பு. கொலம்பியாக் கட்டுரையையும் இதையும் ஒன்றாக இழைத்து எழுத வேண்டுமென்று அம்பேத்கருக்கு எண்ணம் இருந்தது; நேரம் கிடைக்கவில்லை. அதனால் பழைய கட்டுரையைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். விதையும் மரமும் ஒரே அட்டைக்குள் வந்தன. மூன்றாண்டில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. உரை பேசப்படவிருந்த ஊருக்கும் அது எழுதப்பட்ட ஊருக்கும் நடுவில் எல்லைக்கோடு விழுந்தது. சந்த் ராம் நூறு வயது கடந்து 1988வரை வாழ்ந்தார். கடைசிவரை சாதிக்கு எதிராக எழுதிக்கொண்டிருந்தார். இந்தியப் பஞ்சாபின் ஜலந்தரில் பீம் பத்திரிகா பதிப்பகம் பின்னாளில் இந்த நூலை மலிவாக வெளியிட்டுப் பஞ்சாபி வாசகர் கையில் சேர்த்தது. லாகூர் மண்டபத்தில் கேட்டிருக்கக்கூடியவர்களைவிடப் பல மடங்குப் பேர் அப்படிப் படித்தார்கள்.

மகாராஷ்டிர அரசு 1979இல் வசந்த் மூன் பதிப்பித்த தொகுப்பின் முதல் தொகுதியில் இதைச் சேர்த்தது. 2014இல் நவயானா பதிப்பகம் விரிவான குறிப்புகளோடும் அருந்ததி ராயின் நீண்ட முன்னுரையோடும் வெளியிட்டபோது ஒரு விவாதம் வெடித்தது. அம்பேத்கரை அறிமுகப்படுத்த காந்தியைப் பற்றி இவ்வளவு பக்கம் எதற்கு, இந்த நூலுக்கு வெளியிலிருந்து ஒரு முன்னுரை தேவையா என்று தலித் எழுத்தாளர்கள் பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதே பதிப்பால்தான் உலகெங்கும் புதிய வாசகர்கள் கிடைத்தார்கள் என்பதும் நியாயமே.

தமிழ்நாட்டில் இந்தக் கட்டுரை தாளைவிட்டு இறங்கியும் நடந்திருக்கிறது. கடைசிப் பகுதியில் அம்பேத்கர் சில நடைமுறை யோசனைகள் சொல்கிறார்: புரோகிதம் பரம்பரையாக வரக் கூடாது, தேர்வு எழுதித் தேறிய எவரும் அரசின் சான்று பெற்றுச் செய்யலாம், அவர் அரசு ஊழியரைப் போல ஒழுங்கு விதிகளுக்கு உட்பட வேண்டும். 1936இல் இதைப் படித்தவர்கள் வெறும் கனவு என்று நினைத்திருக்கலாம். பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 1970இல் கொண்டுவந்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றாலும் ஆகமத்தின் பெயரால் கைகளைக் கட்டியது. எல்லாச் சாதியாரும் கருவறைக்குள் போக வேண்டும் என்று போராட்டம் அறிவித்திருந்த நிலையில் 1973இல் பெரியார் மறைந்தார். 2006இல் அரசாணை, பயிற்சிப் பள்ளிகள். பயின்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வேலையில்லாமல் காத்திருந்தார்கள். 2021 ஆகஸ்ட் 14 அன்று பல சாதிகளையும் சேர்ந்த 24 பயிற்சி அர்ச்சகர்கள் பணி ஆணை பெற்றார்கள். லாகூர் வரவேற்புக் குழு வேண்டாமென்ற பகுதியிலிருந்து ஒரு யோசனை எண்பத்தைந்து ஆண்டில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

ஆனால் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதியும் அதே நூலில் இருக்கிறது. பிராமணர்மேல் வைக்கும் விமரிசனத்தை நாம் மேடையேற்றினோம். அதற்குப் பக்கத்திலேயே இருப்பதை அவ்வளவாகச் சொல்லவில்லை. சாதி என்பது மேலே ஒருவர், கீழே மற்றவர் எல்லோரும் என்ற அமைப்பு அல்ல. படிப்படியாக அடுக்கப்பட்ட அமைப்பு. எந்தப் படியில் நிற்பவருக்கும் தனக்குக் கீழே இன்னொருவர் இருக்கிறார் என்ற ஆறுதல் உண்டு. மேலிருப்பவரோடு சண்டையிட்டால் கீழிருப்பவரைச் சமமாக ஏற்க வேண்டிவரும் என்பதால் எல்லோரும் ஒன்றுசேர்வதே கடினம். அதனால்தான் சாதியை ஒழிப்பது ஏறத்தாழ முடியாத காரியம் என்று அந்த உரையிலேயே அவர் சொல்லிவைத்தார். இந்த வாதம் இடைச்சாதிகளை நேராகப் பார்த்துப் பேசுகிறது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில், சாதி மாறி மணந்ததற்காக ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டதும், 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த்தொட்டியில் மலம் கலந்து கிடந்ததும் பெரியார் பிறந்த நாட்டில்தான் நடந்தன.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படிக்கும் ஆதிக்கச் சாதி மாணவர்கள் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதன் பரிந்துரைகளில் ஒன்று, மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டத் தடை. தென்மாவட்டங்களில் இன்ன சாதிக்கு இன்ன நிறம் என்று மணிக்கட்டைப் பார்த்தே பிள்ளைகள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்கிறார்கள். பேஷ்வா காலத்துக் கறுப்புக் கயிறு விலக்கிவைக்கப்பட்டவன் கையில் பலவந்தமாக ஏறியது. இந்த வண்ணக் கயிறை விலக்கிவைக்கிறவனும் பெருமையோடு தானே கட்டிக்கொள்கிறான், பதிலுக்கு மற்றவனும் கட்டுகிறான். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று சொல்வது.

கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் சுற்றறிக்கை வேண்டும். ஆனால் அந்தக் கயிற்றைக் கட்டிவிட்ட அண்ணனும் மாமனும் எதை நம்பிக் கட்டினார்கள் என்ற பேச்சைச் சுற்றறிக்கை தொடங்காது. நான் விரும்புவது எளிய ஒன்று. இந்த நூலின் பேஷ்வா காலத்துப் பத்தியையும் சக்வாரா விருந்துப் பத்தியையும் மட்டும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஆசிரியர் எந்த விளக்கமும் சொல்லாமல், ஒரு பாடவேளை அவர்களையே பேசவிட வேண்டும். நெய்யைப் பற்றி அவர்கள் கேட்கும் முதல் கேள்வியிலிருந்து மற்ற பக்கங்களுக்குப் போகலாம்.